அரைச் சுற்று

அந்த டிராக்டரின் ஸ்டீயரிங்கை அரைச் சுற்றுச் சுற்றினால் எதுவும் நடக்காது. அதற்கு மேலும் கொஞ்சம் திருப்பினால்தான் முன்சக்கரங்கள், ஆழ்ந்த தூக்கத்தில் பேர் சொல்லிக் கூப்பிடப்பட்டவனைப் போல, ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பும். ஜெரோம் முதல் நாள் அதில் ஏறி ஓட்டிப் பார்த்தபோது இருபதடி போவதற்குள் பிரேக்கை மிதித்துவிட்டான். கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஆளில்லாத ஓர் ஊர் இருப்பதுபோல அவனுக்குப் பட்டது.

“இதையவா முப்பத்தொரு வருசமா ஓட்டிட்டிருக்கீங்க?”

வண்டியின் பக்கத்திலேயே நடந்து வந்த மருதாசலம் வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பினார். அறுபத்து நாலு வயது. அத்தனை வருஷமும் அந்தத் தோட்டத்தில் அவரைத் தவிர வேறு யாரும் அந்த வண்டியைத் தொட்டதில்லை.

“ஆட்டம் இருக்குதுன்னு கைக்குத் தெரிஞ்சு போச்சுன்னா அப்பறம் அது ஆட்டமே இல்ல கண்ணு. வளைவு வாரதுக்கு முன்னாடியே திருப்ப ஆரம்பிச்சுப் போடோணும். ஆட்டம் முடியறதுக்கும் வளைவு வாரதுக்கும் செரியா இருக்கும்.”

“நல்ல வேளைங்க, நீங்க ரோட்டுக்கு வரலை.”

“நான் வந்தா ரோடு தாங்காது” என்றார் அவர்.

சூலூரிலிருந்து ஏழெட்டு மைல் தள்ளியிருந்தது வரதராஜுலுவின் தோட்டம். அறுபத்து நாலாம் வருஷம் அவருடைய அப்பா வெளிநாட்டிலிருந்து தருவித்த டிராக்டர் அது. தலைக்கு மேலே ராணுவ விமானங்கள் பறந்து பறந்து, கீழே சோளம் போய்த் தென்னை வந்து, தென்னையிலும் பாதி காய்ந்துபோன பிறகும் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இப்போது கோயமுத்தூரில் மோட்டார் பம்பு கம்பெனி நடத்தும் வரதராஜுலுவின் பேரன் ஆதர்ஷுக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. மார்கழியில் நகரத்தில் நடக்கவிருந்த பழைய வண்டிகளின் கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோக வேண்டும். முன் ஆக்சிலையும் ஸ்டீயரிங்கையும் புதிது போல ஆக்கித் தரும்படி, பழைய டிராக்டர்களுக்கென்றே பேர்போன ஜெரோமைத் தேடி வந்தான். கண்காட்சி முடிந்ததும் வண்டி நகரத்து வீட்டு வாசலிலேயே நிற்கும் என்றும் சொன்னான்.

அப்படியானால் மருதாசலத்துக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. அவரே ஒரு நாள் கேட்டார். களத்தில் நின்று, பத்துப் பேர் காதில் விழும்படி, சற்றுச் சத்தமாகவே கேட்டுவிட்டார். வரதராஜுலுவும் சத்தமாகவே பதில் சொன்னார். குடியிருக்கும் சாளையைக் காலி பண்ணு என்கிற வரைக்கும் பேச்சு போனது. மறுநாள் காலையில் இருவரும் ஒன்றும் நடக்காததுபோல வரப்பில் நின்று மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எண்பத்தொரு வயது வரதராஜுலுவுக்கும் அவருக்கும் இப்படி நூறு சண்டை வந்து போயிருக்கிறது. ஆனால் ஊர் சண்டையைக் கேட்டது, வரப்புப் பேச்சைக் கேட்கவில்லை.

ஜெரோம் வண்டியை லாரியில் ஏற்றித் தன் பட்டறைக்குக் கொண்டுவந்தான். முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை இரண்டு கையாலும் மேலும் கீழும் பிடித்து அசைத்தபோது அது விழப்போகும் பல்லைப்போல ஆடியது. கழற்றக் கழற்ற உள்ளே ஒரு வாழ்க்கை இருந்தது. ஆக்சிலை நடுவில் தாங்கும் பின் ஒரு பக்கமாகத் தேய்ந்து, துளை முட்டை வடிவமாகியிருந்தது. சக்கரங்கள் திரும்பும் அச்சாணிகளான இரண்டு கிங்பின்னும் இடுப்புச் சிறுத்துப் போயிருந்தன. இரு சக்கரத்தையும் இணைக்கும் டை ராடு முனைகளில் உருண்டைகள் குழிக்குள் கலகலத்தன. ஸ்டீயரிங் பெட்டியைத் திறந்தால், நடுப் பற்கள் கத்தி விளிம்புபோல மெலிந்திருக்க, ஓரத்துப் பற்கள் நேற்று வெட்டியவைபோலப் பளபளத்தன. நேராகப் போகும் ஒரு மனிதன் ஒவ்வொரு நொடியும் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வண்டியிடம் கேட்டுக்கொண்டே போன முப்பத்தொரு வருஷம் அந்தப் பற்களில் இருந்தது.

ஜெரோமுக்கு அரைகுறை வேலை பிடிக்காது. அச்சாணியைத் தாங்கும் புஷ் தேய்ந்தால் அதற்குள் தகரத்தை வெட்டிச் செருகி ஆட்டத்தை மறைக்கிறவர்களை அவன் மெக்கானிக் என்றே ஒப்புக்கொள்வதில்லை. கிங்பின்களைப் புதிதாகக் கடைந்தான். கன்மெட்டலில் புஷ் போட்டு, துளையில் நூல் பிசகாமல் ரீமர் ஓட்டிச் சீராக்கினான். பெட்டியின் பற்களைக் கோயமுத்தூரில் கணபதிப் பகுதியில் ஒரு லேத்துக்காரரிடம் வெட்டி வாங்கினான். இருபத்தாறு நாள் ஆனது. அந்த இருபத்தாறு நாளில் மருதாசலம் நான்கு முறை பஸ் ஏறி வந்தார். வேலையைப் பார்ப்பார், டீ குடிப்பார், போய்விடுவார். கடைசி முறை வந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

“கண்ணு, ஒரு கால் சுத்தாவது ஆட்டம் உட்டு வைய்யேன்.”

ஜெரோம் சிரித்துவிட்டான். “பல்லப் புடுங்க வந்துட்டு வலிய மட்டும் உட்டு வையுங்கற மாதிரி இருக்குதுங்க நீங்க கேக்கறது. ஆட்டத்த எடுக்கத்தானுங்க என்னையக் கூப்பிட்டாங்க.”

“அதில்ல. என்ற கைக்கு…”

“ரெண்டு நாள்ல பழகிடுமுங்க.”

“அதுஞ் செரிதான்” என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஆவணி வளர்பிறையில் ஒரு புதன்கிழமை நாள் குறித்தார்கள். லாரியிலிருந்து வண்டியை இறக்கிக் கொட்டகையில் நிறுத்தியது ஜெரோம்தான். வரதராஜுலு வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டியானாலும் பெரிய வேலை பார்த்துத் திரும்பினால் பூஜை முடியும்வரை வீட்டு ஆட்கள் யாரும் ஓட்டக்கூடாது. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் கிளம்பிய சக்கரம் வழியில் எங்கும் நிற்காமல், வேறெங்கும் திரும்பாமல், தோட்டத்து எல்லையில் இருக்கும் கன்னிமார் கல்வரை போய்ச் சேர வேண்டும். வீட்டுப் பெரியவர் பக்கத்து மட்கார்டில் உட்கார்ந்து வர வேண்டும். கொட்டகையிலிருந்து கல்லுக்குப் போகும் தடம் முதலில் நேராகப் போகும். பிறகு பெரிய கிணற்றின் இடது கரையை ஒட்டிப் போய், மூலையில் வலது பக்கம் திரும்பும். நாற்சதுரமான கிணறு அது. பாறையை வெட்டி எண்பதடி இறக்கியது. கரையில் சுவர் கிடையாது.

கற்பூரம் எரிந்து முடிந்ததும் மருதாசலம் தயங்கி நின்றார்.

“பண்ணாடி, மொதல்ல வெறுங்காட்டுல ஒரு நடை போயிட்டு வந்துர்றனுங்க. கை பழகிக்கும்.”

“நேரம் பத்தே காலோட முடியுதப்பா” என்றார் வரதராஜுலு. அப்புறம் ஜெரோம் பக்கம் திரும்பினார். “ஏனுங்க மெக்கானிக், அப்படித் தேவைப்படுமா?”

ஜெரோமின் சட்டையில் சந்தனம் தெளித்திருந்தது. கழுத்தில் மாலைகூடப் போட்டிருந்தார்கள். “தேவையில்லீங்க. இனிச் சின்னப்பிள்ளைகூட ஓட்டலாமுங்க” என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். மருதாசலமும் சிரித்தார்.

கிளம்பியதும் வண்டி நெளிந்தது. கை கொஞ்சம் அசைந்தாலே மூக்கு அந்தப் பக்கம் போனது. “ஏப்பா மருதா, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் நெளியற?” என்று மட்கார்டிலிருந்து வரதராஜுலு கேட்டது கொட்டகைவரை கேட்டது. பத்துப் பதினைந்தடியில் மருதாசலம் கையை இறுக்கிப் பிடித்து நேராக்கிவிட்டார். வண்டி நேராகப் போனது. ஜெரோம் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றான். கிணற்று மூலைக்கு அந்தப் பக்கம் நின்று ஆதர்ஷ் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

மூலைக்கு இரண்டு தென்னை தூரம் இருக்கும்போதே மருதாசலத்தின் கைகள் ஸ்டீயரிங்கை வலது பக்கம் சுற்றத் தொடங்கின.

அந்த இடத்தில் அவர் எதையும் யோசித்திருக்க மாட்டார். அந்தத் தென்னை வந்தால் அந்தக் கை திரும்பும். அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷமாக அந்த அரைச் சுற்று மூலைவரை தாங்கியிருக்கிறது. அன்றைக்கு அங்கே அது இல்லை. சக்கரம் கேட்டவுடனே திரும்பியது.

மருதாசலம் கிணற்றுக்குள் பத்தடி கீழே பாறைத் திட்டில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து கிடந்தார். வரதராஜுலு வண்டியோடு அடிவரை போனார்.

*

மூன்றாம் நாள் அந்த வீடியோ எல்லோருடைய செல்போனிலும் இருந்தது. அதில் எல்லாமே தெளிவாகத் தெரிந்தது. நேரான தடம். திரும்ப வேண்டிய மூலை இன்னும் வரவில்லை. ஒரு கிழவர் நிதானமாக, பதற்றமே இல்லாமல், டிராக்டரைக் கிணற்றுக்குள் திருப்புகிறார். எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது. களத்தில் நடந்த சண்டையைப் பத்துப் பேர் போலீசிடம் சொன்னார்கள். ஆதர்ஷ் எழுதிக் கொடுத்த புகாரில் ‘வேண்டுமென்றே’ என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது. கொலை வழக்கு போட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மருதாசலத்தின் கட்டிலருகே ஒரு கான்ஸ்டபிளை உட்கார வைத்தார்கள்.

ஜெரோம் வீடியோவை ஒரே ஒரு முறைதான் பார்த்தான். பார்த்ததுமே புரிந்துவிட்டது. உலகத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான், அதில் ஒருவர் கட்டிலில் கிடக்கிறார் என்பதும் புரிந்தது. இரண்டு நாள் பட்டறையைத் திறக்கவில்லை.

மருதாசலத்தின் மனைவி ராமாத்தாள் அவன் வீட்டைத் தேடி வந்தாள். உள்ளே வரவில்லை, படியிலும் உட்காரவில்லை.

“ஏனுங்க, உங்களைய ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். வண்டியில ஏதாச்சும் கோளாறு இருந்துச்சுங்களா?”

“இல்லீங்கம்மா. எதுவுமே இல்ல.”

“அவுரு எதுவும் பேச மாட்டேங்கறாரு. நாந்தான் திருப்புனேங்கறாரு. கேட்டா மறுக்கா அதையேதான் சொல்றாரு. நாப்பத்தி ரெண்டு வருசம் கூட இருந்திருக்கறனுங்க. கோழிய அறுக்கறதுக்கே பக்கத்து ஊட்டுக்காரனக் கூப்புடற மனுசன்.” முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “கோளாறு இல்லைன்னா எப்படிங்க?”

ஜெரோம் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, “செரிங்க, போயிட்டு வாரேன்” என்று போய்விட்டாள்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த கிருபா, அவன் மனைவி, வெளியே வந்தாள்.

“என்ன, போய்ச் சொல்லலாம்னு இருக்கியா?”

“சொல்லித்தான் ஆகோணும்.”

“என்னன்னு? வேலை ரொம்ப நல்லாச் செஞ்சுபோட்டேன், அதனாலதான் ஆள் செத்துட்டாருன்னா? சிரிப்பாங்க. சிரிச்சு முடிச்சிட்டு உம்மேலயே எழுதுவாங்க.”

“அவரு ஆட்டம் உட்டு வைக்கச் சொன்னாரு கிருபா. வெறுங்காட்டுல ஒரு நடைக்குக் கேட்டாரு. தேவையில்லைன்னு நாந்தான் சொன்னேன்.”

கிருபா கொடியிலிருந்து வெளுத்த சட்டை ஒன்றை உருவி நீட்டினாள். “சட்டைய மாத்திட்டுப் போ. பட்டறைச் சட்டையோட போகாத” என்றாள்.

*

கிரேன் வைத்துத் தூக்கிய டிராக்டரைப் போலீஸ் ஸ்டேஷன் காம்பவுண்டில் வேப்பமரத்தடியில் போட்டிருந்தார்கள். அன்றைக்குப் பிரேக் இன்ஸ்பெக்டர் நஞ்சுண்டன் பார்வையிட வந்திருந்தார். விபத்து நடந்த எந்த வண்டியிலும் கோளாறு உண்டா இல்லையா என்று எழுத வேண்டியது அவர்தான். ஆதர்ஷும் வந்திருந்தான். மொட்டையடித்த தலையோடு, சவரம் செய்யாத முகத்தோடு, ஒரு வாரத்தில் பத்து வயது கூடியிருந்தான்.

ஒரு சக்கரம் உடைந்து, ரேடியேட்டர் நசுங்கியிருந்தது. ஆனால் ஸ்டீயரிங் பெட்டிக்கும் முன் ஆக்சிலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நஞ்சுண்டன் ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் தொட்டார். மிஞ்சியிருந்த முன்சக்கரம் உடனே அசைந்தது. இந்தப் பக்கம் திருப்பினார். அசைந்தது. குனிந்து டை ராடைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார்.

“யாருங்க இந்த வேலை பார்த்தது?”

“நாந்தாங்க.”

“எண்பதடி விழுந்தும் அப்படியே நிக்குதே. அறுபது வருச வண்டியில இப்படி ஒரு ஸ்டீயரிங்கை நான் பார்த்ததில்லை. கைய குடுங்க.”

நீட்டிய கையை ஜெரோம் பற்றவில்லை. கொண்டுவந்திருந்த சாக்கைத் தரையில் கொட்டினான். தேய்ந்த கிங்பின்கள், முட்டையாகிப்போன புஷ், மெலிந்த பற்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். அரைச் சுற்று என்றால் என்ன என்று சொன்னான். பிறகு ஆதர்ஷிடம், “அந்த வீடியோவை ஒருக்கா போடுங்க. வண்டியப் பாக்காதீங்க. கைய மட்டும் பாருங்க” என்றான்.

ஆதர்ஷ் போட்டான். மூன்று பேரும் வெயிலுக்குக் கையை மறைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

“ரெண்டு தென்னைக்கு முன்னாலயே கை திரும்புதுங்களா? பழைய பெட்டியா இருந்தா இந்த நேரத்துல சக்கரம் அசைஞ்சே இருக்காது. மூலைக்கு வந்ததும்தான் அசையும். அவரு கெணத்துக்குத் திருப்பலைங்க. மூலைக்குத் திருப்பறாரு. எப்பவும் திருப்பற எடத்துலதான் திருப்பறாரு.”

நஞ்சுண்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். குரல்கூட உயரவில்லை. “நீங்க சொல்றது எனக்குப் புரியுது தம்பி. ஆனா என்ற படிவத்துல பிரேக்கு, ஸ்டீயரிங்கு, டயரு, இவ்வளவுதான் இருக்குது. நல்லாயிருந்தா நல்லாயிருக்குன்னுதான் எழுதோணும். ஸ்டீயரிங் நல்லா இருந்ததுதான் காரணம்னு நான் எந்தக் கட்டத்துல எழுதறது?”

“புதுசா மாத்துனதுன்னாவது எழுதுங்க.”

“அதை எழுதறேன். மத்ததெல்லாம் நீங்க ஸ்டேஷன்ல வாக்குமூலமாக் குடுங்க. ஆனா யோசிச்சுக் குடுங்க. ஓட்டறவனைப் பழக விடாம வண்டியக் குடுத்தது ஆருன்னு அடுத்த கேள்வி வரும்.”

“வரட்டுமுங்க.”

ஆதர்ஷ் இன்னமும் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ ஓடிக்கொண்டிருந்தது. நஞ்சுண்டன் எழுதுவதற்காக மேசையைத் தேடி உள்ளே போன பிறகு மெதுவாகக் கேட்டான்.

“அப்ப நான் இந்த வண்டிய சும்மா விட்டிருந்தா தாத்தா இருந்திருப்பாரா?”

ஜெரோம் தரையில் கிடந்த புஷ்ஷைப் பொறுக்கிச் சாக்கில் போட்டான்.

“ஜெரோம், உங்களைத்தான் கேக்கறேன்.”

“இருந்திருப்பாருங்க.”

ஆதர்ஷ் தலையை ஆட்டினான். வெகு நேரம் ஆட்டிக்கொண்டேயிருந்தான். “நீங்க சொல்றது சரியா இருக்கலாம். நான் புகாரை வாபஸ் வாங்கப் போறதில்ல. அவர் வேணும்னே பண்ணினார்னே இருக்கட்டும். இல்லைன்னா என்னால வீட்டுக்குப் போக முடியாது.”

“அந்த மனுசன் ஆயுசுக்கும் உள்ள இருப்பாருங்க.”

“தெரியும்” என்றான் ஆதர்ஷ். அவன் கார் கதவைத் திறந்து உட்கார்ந்தான். ஆனால் வண்டியை எடுக்கவில்லை. ஜெரோம் ஸ்டேஷனுக்குள் போய் வெளியே வருகிறவரைக்கும் அந்தக் கார் அங்கேயே நின்றது.

உள்ளே இன்ஸ்பெக்டர் கோமளா அவன் சொல்வதை எழுதச் சொல்லிவிட்டு, நடுவில் இரண்டு முறை நிறுத்தினார். “ஆட்டம் விடச் சொல்லி அவர் கேட்டாருன்னு சொல்றீங்க. நீங்க என்ன சொன்னீங்க?” ஜெரோம் சொன்னான். “பூஜை அன்னிக்கு ஒரு நடை கேட்டாரு. அப்ப?” அதையும் சொன்னான். சிரித்தேன் என்பதையும் எழுதச் சொன்னான். அவர் நிமிர்ந்து பார்த்தார். “அது வேண்டாங்க, அது சட்டத்துக்குத் தேவையில்லை.” படித்துக் காட்டியபோது அவனுடைய பேச்சு அவனுக்கே அந்நியமாக இருந்தது. யாரோ ஒரு மெக்கானிக், யாரோ ஒரு கிழவரை அனுப்பிவைக்கிறான்.

*

பதினெட்டு நாள் கழித்து வழக்கின் பிரிவை மாற்றினார்கள். கொலை போய், கவனக்குறைவால் மரணம் என்று ஆனது. முதல் எதிரி மருதாசலம். இரண்டாம் எதிரி ஜெரோம். பட்டறையில் பாதி வேலையில் நின்ற இரண்டு டிராக்டர்களையும் சொந்தக்காரர்கள் வந்து கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் மட்டும், “தப்பா நெனைக்காதீங்க, ஊட்ல பொம்பளைங்க பயப்படறாங்க” என்றார்.

கட்டிலருகே இருந்த கான்ஸ்டபிளை விலக்கிய மறுநாள் ஜெரோம் ஆஸ்பத்திரிக்குப் போனான். ஜன்னலோரக் கட்டில். மருதாசலத்தின் கால் கம்பியில் தொங்கியது. ராமாத்தாள் இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் நனைத்துக்கொண்டிருந்தவள், அவனைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை விட்டுத் தந்தாள். பிறகு தண்ணி பிடித்து வருவதாகச் சொல்லிவிட்டுப் பாட்டிலோடு வெளியே போனாள்.

“வேணும்னு செய்யலைன்னு எழுதிக் குடுத்துட்டனுங்க” என்றான் ஜெரோம். “கேஸ் மாறிடுச்சு. உங்களோட என்ற பேரும் சேந்திருக்குது. ஒண்ணாத்தான் போயிட்டு வரோணும் இனி.”

மருதாசலம் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். “நீ எதுக்குக் கண்ணு வந்து மாட்டுன. வேலைய நல்லாத்தான செஞ்ச.”

ஜெரோமால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“கெணத்துல தண்ணி இருந்திருந்தாப் பண்ணாடி பொழச்சிருப்பாரு” என்றார் அவர், விட்டத்தைப் பார்த்தபடி. “அப்படி நீஞ்சுவாரு. மேக்க இருந்து குதிச்சாருன்னா கெழக்கதான் தலை தெரியும். நாங்க பசங்கெல்லாம் கரையில நின்னு பாப்போம். எங்களைய எறங்க உடமாட்டாங்கல்ல அப்ப. தூர் வாரத்தான் எறங்குவோம். ‘மருதா, எண்ணுடா’ம்பாரு. மூச்சுப் புடிச்சுட்டு அவரு உள்ள இருக்கறவரைக்கும் நான் மேல நின்னு எண்ணோணும்.” உதடுகள் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் அசைந்தன. “இருநூறு எண்ணுனதுண்டு.”

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். மருதாசலம் கண்ணை விட்டத்திலிருந்து எடுத்து ஜெரோம் முகத்தில் வைத்தார்.

“ஜெயிலு கெடக்குது கண்ணு. எனக்கு ஒண்ணுதான் தெரியோணும். ஆதர்ஷு தம்பி என்ன நெனைக்குது? சின்னதுல அதைய மடியில வெச்சுட்டுத்தான் ஓட்டுவேன். அதுக்குத் தெரியும்ல, நான் வேணும்னு பண்ணலைன்னு?”

“தெரியுமுங்க” என்றான் ஜெரோம். “அவருகிட்ட வீடியோவைக் காமிச்சு எல்லாஞ் சொன்னேன். புரிஞ்சுக்கிட்டாரு. உங்களைய வந்து பாக்கறன்னாரு.”

“வாரேன்னு சொல்லுச்சா?”

“சொன்னாருங்க.”

“அப்பச் செரி” என்று மருதாசலம் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலேயே, “என்னிக்குன்னு சொல்லுச்சு?” என்று கேட்டார்.

ஜெரோம் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“ஞாயித்துக்கெழமைங்க” என்றான்.